ஒரு கரண்டி உறை

இருபத்திரண்டு வருஷமாக என் அறைக் கண்ணாடி அலமாரியில் இருந்தது என் டிபன் பாக்ஸ் மட்டும்தான். நான் வேலைக்குச் சேர்ந்த வாரத்தில், வாங்கப்போகும் கோப்பைகளுக்காகத் தச்சரைப் பக்கத்தில் நிற்க வைத்துச் செய்த அலமாரி அது. மூன்று தட்டு, உள்ளே விளக்கு, பித்தளைப் பூட்டு. திருடன் வந்தால் சாம்பார் சாதத்தைத்தான் திருட வேண்டும். வல்லநேரி மகளிர் கல்லூரி உடற்கல்வி இயக்குநர் அமலோற்பவம் என்ற என் பெயரைக் கேட்டாலே மற்ற கல்லூரிக்காரர்கள் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும். முதல் சுற்றில் எங்களோடு மோதல் என்றால் அன்றைக்கு அவர்களுக்கு மத்தியானத் தூக்கம் உறுதி.

2043-ம் வருஷம்தான் எல்லாம் தலைகீழானது. ஆடி மாசம் பிறந்ததும் எங்கள் கயிறு இழுக்கும் அணிப் பெண்கள் எட்டுப் பேருக்கும் உடம்பு ஏறத் தொடங்கியது. தொந்தியும் தொடையுமாக ஏறவில்லை. கல்லாக ஏறியது. அணித் தலைவி ஆவுடைத்தங்கம் ஜூன் மாசம் வேப்பங்குச்சி போல இருந்தவள். ஆகஸ்டில் ஒருநாள் ஹாஸ்டல் கதவைத் திறந்தாள், கதவு நிலையைவிட்டுக் கையோடு வந்துவிட்டது.

“மெதுவாத்தான் மேடம் தள்ளுனேன்” என்று கதவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, குடத்தோடு தண்ணிக்கு நிற்கிறவள் மாதிரி நின்றாள்.

எனக்குச் சந்தேகம் வந்ததா என்று பிற்பாடு எல்லாரும் கேட்டார்கள். மாதா சத்தியமாக வரவில்லை. என் பயிற்சி பலிக்கிறது என்றுதான் நினைத்தேன். இருபத்திரண்டு வருஷமாக நான் ஒரே ஒரு வித்தையைத்தான் சொல்லிக் கொடுத்து வருகிறேன். அதற்கு மூச்சுக் கணக்கு என்று பெயர் வைத்திருக்கிறேன். கயிற்றைச் சும்மா இழுத்துக்கொண்டே இருக்கக் கூடாது. பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்து கிட. எதிரணியின் முதல் ஆள் வயிற்றைப் பார். அவள் மூச்சை உள்ளே வாங்கும் கணத்தில் ஒரு சாண் இழு. மறுபடி சாய்ந்து கிட. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் என் பிள்ளைகள் அந்தக் கணம் வருவதற்குள் எல்லைக்கோட்டைத் தாண்டிக் குப்புற விழுந்துவிடுவார்கள். ‘மேடத்தோட கணக்கு பாஸ் ஆகாத கணக்கு’ என்று ஹாஸ்டல் சுவரில் எவளோ எழுதிக்கூட வைத்திருந்தாள்.

ஆகஸ்டு நாலாம் தேதி, எந்த அணி எதோடு மோதுவது என்று குலுக்கல் போட எல்லாக் கல்லூரி உடற்கல்வி இயக்குநர்களும் எங்கள் கல்லூரிக்கு வந்தார்கள். அந்த வருஷம் பல்கலைக்கழகப் போட்டியை நடத்துகிற முறை எங்களுடையது. வந்தவர்களில் நெடுங்குளம் மகளிர் கல்லூரி தவசிக்கனி சார், ஏழு வருஷமாகக் கோப்பையைத் தன் வீட்டுச் சொத்து மாதிரி தூக்கிப்போகிறவர். மெஸ்ஸில் மூன்று முறை தயிர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கிளம்பும்போது சமையல்கட்டுப் பக்கம் போய் எதையோ வாங்கிப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். நான் கண்டுகொள்ளவில்லை. தயிர் எனக்கு ஆகாது. மோரைப் பார்த்தாலே எனக்கு மூக்கடைக்கும்.

செப்டம்பர் கடைசியில் போட்டி. முதல் சுற்றில் விசில் ஊதிய நாலாவது நொடியில் எதிரணி எட்டுப் பேர், அவர்கள் பின்னால் கொடி பிடித்து நின்ற நடுவர், கொடிக்கம்பம் எல்லாம் எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது. அரையிறுதி ஆறு நொடி. இறுதியில் தவசிக்கனி சாரின் அணி. அன்றைக்கு அவருக்கு இரண்டு கன்னமும் வீங்கியிருந்தது. பல்வலி போல, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

இறுதிப்போட்டி பத்தொன்பது நிமிஷம் நடந்தது. அந்தப் பக்கமும் கல், இந்தப் பக்கமும் கல். கயிறு வீணைத் தந்தி மாதிரி முனகியது. நான் கோட்டோரம் மண்டி போட்டு, நெடுங்குளத்து முதல் பெண்ணின் வயிற்றை மட்டும் பார்த்துக்கொண்டு, “ஹா!” என்று கத்தினேன். ஒரு சாண். அப்புறம் சாய்ந்து கிடந்தார்கள். “ஹா!” இன்னொரு சாண். தவசிக்கனி சார் எதிரே நின்று விசிலை விடாமல் ஊதிக்கொண்டிருந்தார். பத்தொன்பதாம் நிமிஷம் கடைசிச் சாண் வந்தது. நான் மைதானத்திலேயே உட்கார்ந்து அழுதேன். ஐம்பத்து மூன்று வயசில், ஆயிரம் பேர் முன்னால், மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு அழுதேன். எனக்கு வெட்கமே இல்லை.

நாலாம் நாள் மனு வந்தது. ‘வல்லநேரி மாணவியர் ஊக்க மருந்து உட்கொண்டுள்ளனர். அவர்களின் உருவமே சாட்சி. இப்படிக்கு, தவசிக்கனி.’ கூடவே ஜூனில் எடுத்த படமும் செப்டம்பரில் எடுத்த படமும். பார்த்தவன் எவனும் கட்டெறும்பு வளர்ந்து கழுதையான கதை என்றுதான் சொல்வான்.

விசாரிக்கச் சென்னையிலிருந்து விஸ்வேஸ்வரன் என்ற அதிகாரி வந்தார். கையில் வியர்வைமானி என்று ஒரு சின்னப் பெட்டி. நெற்றியில் ஒற்றினால் போதும், உடம்பில் இருக்கும் மூவாயிரம் வகை மருந்தையும் நொடியில் சொல்லிவிடும். எட்டுப் பெண்களையும் ஒற்றினார். எட்டு முறையும் பெட்டி பச்சையாக எரிந்தது.

“ஒண்ணுமில்லைன்னு காட்டுதே சார்” என்றேன்.

“அதான் மேடம் எனக்குச் சந்தேகம்” என்று வலது கை ஆட்காட்டி விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினார். பேசும்போதெல்லாம் அந்த விரலை ஆட்டுவது அவர் வழக்கம். “இது பெட்டிக்கே தெரியாத புது மருந்து. போன வருஷம் உருமாற்ற விதின்னு ஒண்ணு வந்திருக்கு, படிச்சீங்களா? தொண்ணூறு நாள்ல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல தசை ஏறினா, ஏன் ஏறிச்சுன்னு விளையாடறவங்கதான் நிரூபிக்கணும். இந்தப் பொண்ணுக்கு மூணுல ரெண்டு பங்கு ஏறியிருக்கு. நிரூபிக்கலைன்னா நாலு வருஷத் தடை. விளையாட்டு ஒதுக்கீட்டுல வந்த சீட்டும் போயிடும்.”

அந்தப் பொண்ணு என்று அவர் காட்டியது ஆவுடைத்தங்கத்தை. கடைசி வருஷம். இன்னும் ஐந்து மாசத்தில் பட்டம். தீப்பெட்டி ஒட்டுகிற வீட்டிலிருந்து முதல்முதலாகக் கல்லூரிக்கு வந்தவள். அவள் சீட்டு போனால் அது அவளோடு நிற்காது, பின்னால் இரண்டு தங்கைகளும் பள்ளிக்கூடத்தைவிட்டு நிற்க வேண்டியதுதான். அவள் பிடித்திருந்த நாற்காலிக் கைப்பிடி மட்டும் மளுக்கென்று முறிந்தது.

“பாத்தீங்களா, பாத்தீங்களா?” என்று அதையும் விரலால் காட்டி எழுதிக்கொண்டார்.

மூன்று நாள் அவகாசம். அதுவரை அவர் ஹாஸ்டல் விருந்தினர் அறையில் தங்கி மெஸ்ஸில்தான் சாப்பிட்டார். முதல் நாள் மாத்திரை தேடி மெத்தைகளைக் கிழித்தார். இரண்டாம் நாள் என் அறையைச் சோதித்து, டிபன் பாக்ஸிலிருந்த எலுமிச்சை ஊறுகாயைப் பெட்டிக்குக் கொடுத்தார். பெட்டி அரைமணி நேரம் வேலை செய்யவில்லை. மூன்றாம் நாள் காலையில் என்னை நிற்க வைத்துச் சுற்றிவந்து பார்த்தார்.

“இந்தக் கல்லூரியில எல்லாரும் பெருத்திருக்காங்க. நீங்க மட்டும் அப்படியே இருக்கீங்க. ஏன்?”

“சார், என் உடல்வாகு...”

“சாராயம் விக்கிறவன் குடிக்க மாட்டான் மேடம்!”

எனக்கு வந்த கோபத்தில் அவர் தலையில் நாலு குட்டு வைத்திருப்பேன். ஆனால் அவர் சொன்னதில் ஒரு வார்த்தை எனக்குள் நின்றுவிட்டது. எல்லாரும் பெருத்திருக்கிறார்களா? அதுவரை நான் என் பிள்ளைகள் எட்டுப் பேரைத்தானே பார்த்தேன். ஆவுடைத்தங்கத்தைக் கூட்டிக்கொண்டு கல்லூரியைச் சுற்றிவந்தேன். கர்த்தரே, கண்ணிருந்தும் குருடியாக இருந்திருக்கிறேன்! தமிழ்த்துறைத் தலைவருக்குக் கரும்பலகையில் எழுதுகிற வலது கை மட்டும் உலக்கையாக இருந்தது. இடது கை பழைய முருங்கைக்காய்தான். நாள் முழுக்க முத்திரை குத்துகிற அலுவலக எழுத்தருக்கு ஒரு மணிக்கட்டு மட்டும் பனங்காய். முதல்வருக்குத் தாடை. அவர் பேசாத விழா எது? கணினித்துறைப் பிள்ளைகள் முப்பது பேருக்கும் கட்டைவிரல் இரண்டும் குண்டு மிளகாய் மாதிரி உருண்டிருந்தது.

“மேடம், எந்த இடத்துக்கு வேலை குடுக்காவளோ அந்த இடம் மட்டும் பெருக்குது” என்றாள் ஆவுடைத்தங்கம். “நாங்க எட்டுப் பேரும் உடம்பு முழுக்க வேலை குடுக்கோம். அதான் முழுசாப் பெருத்துட்டோம். அந்தச் சென்னை சாரைப் பாத்தியளா? அவருக்கு விரல்!”

ஓடிப்போய்ப் பார்த்தேன். விஸ்வேஸ்வரனின் ஆட்காட்டி விரல் நேந்திரம் பழம் மாதிரி இருந்தது. மனுஷன் பேனா பிடிக்க முடியாமல் இடது கையால் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார்.

“சார், இது என்ன?”

“கொசுக்கடி” என்று விரலை மடக்கப் பார்த்தார். மடங்கவில்லை.

“மெஸ்ல சாப்பிடறவங்க எல்லாருக்கும் ஏறியிருக்கு. நானும் அங்கேருந்துதான் டிபன் பாக்ஸ்ல வாங்கிட்டு வந்து சாப்பிடறேன், எனக்கு ஏறலை” என்று நான் வாய்விட்டு யோசிக்கும்போதே ஆவுடைத்தங்கம் துள்ளினாள். அவள் துள்ளியதில் அறை ஜன்னல் அதிர்ந்தது.

“தயிரு! நீங்க தயிரு மட்டும் தொட மாட்டிய மேடம்!”

மூவரும் மெஸ்ஸுக்குப் போனோம். மெஸ் பொறுப்பாளர் பிச்சைக்கண்ணு அண்ணாச்சி பெரிய அண்டாவில் தயிரைக் கிளறிக்கொண்டிருந்தார். அவர் தோள்பட்டையைப் பார்த்ததும் நான் இதுவரை எங்கே பராக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

“அண்ணாச்சி, இந்தத் தயிருக்கு உறை எங்கேருந்து வந்தது?”

“நேத்துத் தயிருலேருந்து.”

“நேத்துத் தயிருக்கு?”

“முந்தாநாள் தயிருலேருந்து. என்ன மேடம், பச்சப்புள்ள மாதிரி கேக்கிய?”

“முதல் முதல்ல?”

அண்ணாச்சி கரண்டியை வைத்துவிட்டு யோசித்தார். “ஜூன் கடைசில ஒரு நாளு பூனை தயிர்ப்பானைய உருட்டிட்டு. உறைக்கு ஒரு சொட்டுக்கூட இல்ல. முந்நூறு பிள்ளையளுக்கு மறுநாத் தயிருக்கு என்ன செய்ய? பக்கத்துக் கட்டடத்துல உயிரியல் டாக்டரம்மா இருந்தாவ. போயி கேட்டேன். விளக்கு வச்ச நேரம், உறை குடுக்கக் கூடாதுதான். ஆனா அவிய மகராசி, ஒரு தூக்கு நிறையக் குடுத்துட்டாவ. மறுநா தூக்கைக் கழுவி, வெறும் பாத்திரமாத் திருப்பக் கூடாதுன்னு பாயசம் ஊத்தி அவிய பிரிட்ஜிலயே வச்சுட்டு வந்தேன்.”

அடுத்த நிமிஷம் நாங்கள் டாக்டர் எழிலோவியம் அறையில் இருந்தோம். விஷயத்தைச் சொன்னதும் அவள் எழுந்து நின்று மேசையில் ஓங்கி அடித்தாள்.

“மூணு மாசமா, என் நுண்ணுயிரை எவன் எடுத்துட்டுப் பாயசம் வச்சுட்டுப் போனான்னு தேடிட்டு இருக்கேன்! ஆராய்ச்சியே நாசமாப் போச்சுன்னு பணம் குடுத்த ஆளுங்களுக்கு மன்னிப்புக் கடிதம்கூட எழுதிட்டேன்!”

“ஆராய்ச்சியை ஏன்மா தூக்குல வச்சே?”

“கண்ணாடிக் குடுவை கேட்டு எழுதிப் போட்டு ரெண்டு வருஷம் ஆச்சு அக்கா. வரலை. கல்யாணச் சீரா வந்த தூக்கு நாலஞ்சு இருந்துச்சு, கொண்டுவந்தேன். ஒண்ணுல என் மத்தியானத் தயிர், ஒண்ணுல ஆராய்ச்சித் தயிர். ரெண்டுலயும் என் பேருதான் வெட்டியிருக்கும். இந்த அண்ணாச்சி வந்து, விளக்கு வச்சாச்சு, கேக்கக் கூடாதுதான்னு இழுத்தாரா... எனக்குக் கோவம் வந்துருச்சு. எங்கப்பா மேடை மேடையா ஏறி மூடநம்பிக்கையை எதிர்த்தவரு. பத்து நிமிஷம் அண்ணாச்சிக்குப் பகுத்தறிவு பேசிட்டு, பேச்சு மும்முரத்துல திரும்பிக்கூடப் பாக்காம கையை விட்டு எடுத்துக் குடுத்துட்டேன்.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. விஸ்வேஸ்வரன் தன் நேந்திரம் விரலை அவள் முன்னால் நீட்டினார். “இது என்ன செய்யுது, அதைச் சொல்லுங்க.”

“படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்காகச் செஞ்சது சார். மாசக்கணக்கில் படுத்துட்டா தசை கரைஞ்சு போயிடும். அசைக்கணும்னு நினைச்சாலும் முடியாது. அவங்க லேசா ஒரு விரலை அசைச்சாக்கூடப் போதும், ‘இந்த இடம் வேலை செய்யுது, இங்க தசையை ஏத்து’ன்னு உடம்புக்கு உடம்பே சொல்லும். அந்தப் பேச்சை இது கொஞ்சம் உரக்கச் சொல்ல வைக்குது. அவ்வளவுதான். மருந்து இல்ல. உங்க சொந்த உடம்போட சத்தம். அதான் பெட்டிக்குத் தெரியலை. நிறுத்தினா ஆறு மாசத்துல பழையபடி ஆயிடும்.”

அவள் சொல்லச் சொல்ல எனக்குள் ஏதோ சரிந்துகொண்டே வந்தது. என் பயிற்சி இல்லை. மூச்சுக் கணக்கு இல்லை. தயிர். இருபத்திரண்டு வருஷம் தொண்டை கிழியக் கத்தியதற்குக் கிடைத்த கோப்பை, பூனை உருட்டிய பானையால் வந்தது. சுவரில் எழுதியவள் சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். நெஞ்சு வலித்தது. ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் முன்னால் நின்றது. நான் அதிகாரியைப் பார்த்துக் கேட்டேன்.

“காரணம் தெரிஞ்சாச்சு சார். பிள்ளைங்க மேல தப்பு இல்லை. சீட்டு தப்பிச்சுதா?”

விஸ்வேஸ்வரன் விதிப் புத்தகத்தை இடது கையால் புரட்டினார். நல்லவர்தான், முகம் சுருங்கியிருந்தது. “பிரிவு ஏழு. எதிரணிக்கு இல்லாத அனுகூலம், தெரிஞ்சு பெற்றாலும் தெரியாமப் பெற்றாலும், தடை உண்டு. என்னால மாத்த முடியாது மேடம். கோப்பையை நெடுங்குளத்துக்குக் குடுத்தாகணும். நாலு வருஷத் தடையும் போட்டாகணும்.”

“உங்க விரல் மட்டும்?” என்று ஆவுடைத்தங்கம் கேட்டாள்.

“என் விரல் போட்டியில கலந்துக்கலைம்மா.”

அவள் அழவில்லை. “தங்கச்சியளுக்கு இன்னைக்கே போன்ல சொல்லிரட்டா மேடம், இல்ல ஊருக்குப் போயி நேரா சொல்லட்டா?” என்றுதான் கேட்டாள். கதவை இடுப்பில் தூக்கி நின்ற பெண் அன்றைக்கு ஒரு காகிதத்தைக்கூடத் தூக்கமாட்டாதவள் போல நின்றாள்.

கோப்பையை வாங்கிப்போகச் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தவசிக்கனி சார் வந்தார். நெற்றியில் சந்தனம், கையில் கோப்பை கொள்கிற அளவுக்கு ஒரு பெரிய பை. மெஸ் கூடத்தில்தான் எல்லாரும் இருந்தோம். கோப்பை மேசைமேல் இருந்தது. அவர் அதைப் பார்த்த பார்வையில் ஏழு வருஷப் பாசம் தெரிந்தது.

“எனக்கு இதுல சந்தோஷமே இல்ல மேடம்” என்று சந்தோஷமாகச் சொன்னார். “ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்குல்லா? உழைச்சு வரணும். எங்க பிள்ளையளும்தான் இந்த வருஷம் தேக்கு மரமாட்டம் தேறியிருக்காவ. அது நான் குடுத்த டிரெயினிங்கு. மத்தவியள மாதிரி மருந்தா குடுத்தேன்?”

சொல்லிக்கொண்டே பையிலிருந்து எவர்சில்வர் சம்படம் ஒன்றை எடுத்து அண்ணாச்சியிடம் நீட்டினார். மூடியில் ‘வ.ம.க. ஹாஸ்டல்’ என்று வெட்டியிருந்தது.

“இந்தாங்க அண்ணாச்சி, உங்க சம்படம். குடுக்கணும் குடுக்கணும்னு மறந்தே போச்சு. வெறும் பாத்திரமாத் திருப்பக் கூடாதுல்லா? எங்க ஹாஸ்டல் தயிரே கொண்டாந்துட்டேன். உங்க உறைதான்! என்னமாத் தோயுதுங்கிய! கத்திய வச்சு வெட்டணும்.”

நான் எழிலோவியத்தைப் பார்த்தேன், அவள் அதிகாரியைப் பார்த்தாள். அதிகாரியின் விரல் மெல்ல மேலே எழுந்தது.

“உறை எப்ப வாங்கினீங்க சார்?”

“குலுக்கல் அன்னைக்கு. ஆகஸ்டு நாலு.”

“உங்க பொண்ணுங்க இதைத் தினமும் சாப்பிட்டாங்களா?”

“தினமுமா? மூணு வேளையும்! எங்க மெஸ்ல இப்பம் சோத்துக்குத் தயிரு இல்ல, தயிருக்குச் சோறு.”

“பல்வலி எப்படி இருக்கு சார்?” என்று நான் கேட்டேன்.

“பல்வலியா? எனக்கு ஏது பல்வலி?” என்று கன்னத்தைத் தடவியவர், தடவியபடியே நின்றார். இரண்டு கன்னமும் இரண்டு சாத்துக்குடி. இரண்டு மாசமாக விசில் ஊதி ஊதி வளர்ந்த கன்னம். நுணலும் தன் வாயால் கெடும் என்பதை அன்றைக்கு நேரில் பார்த்தேன். ஆனால் பாவம், மனுஷனின் முகம் வாடியதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இல்லை. ‘அப்பம் என் டிரெயினிங்கு?’ என்று அவர் உதடு மட்டும் அசைந்தது. அந்த வலி எனக்கு நன்றாகத் தெரியும். காலையில்தான் பட்டிருந்தேன்.

எழிலோவியம் சம்படத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். இருபது நிமிஷத்தில் திரும்பினாள். “அதே சாதி. என் தூக்குல இருந்தது அச்சு அசலா இதுல இருக்கு.”

விஸ்வேஸ்வரன் அறிக்கையின் கடைசிப் பக்கத்தைக் கிழித்தார். “எதிரணிக்கு இல்லாத அனுகூலம்னு இதுல ஒண்ணுமே இல்லையே. மனு குடுத்தது நெடுங்குளம் மட்டும்தான். அவங்களும் அதே தயிரைத்தான் சாப்பிட்டிருக்காங்க. தடை இல்லை. சீட்டு இருக்கு. கோப்பை இங்கயே இருக்கட்டும்.”

ஆவுடைத்தங்கம் என்னைக் கட்டிப்பிடித்தாள். நல்லவேளை, நடுவில் இழுத்துவிட்டார்கள். இரண்டு விலா எலும்போடு போயிற்று. முதல் சுற்றில் நாலு நொடியில் இழுபட்ட பிள்ளைகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சங்கடம்தான். அடுத்த வருஷப் போட்டிக்கு அழைப்பு அனுப்பும்போது ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு சம்படம் உறை சேர்த்து அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் நாங்களும் தயிரை விட வேண்டும் என்று அதிகாரி எழுதி வாங்கிக்கொண்டார். தவசிக்கனி சாரை வெறும் பையோடு அனுப்ப எனக்கு மனசில்லை. அண்ணாச்சியிடம் சொல்லி ஒரு பொட்டலம் கேசரி வைத்துக் கொடுத்தேன். மனுஷன் அதை மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

அவர் வண்டி போன பிறகு மெஸ் கூடத்தில் சாமி படத்துக்கு விளக்கு ஏற்றிவிட்டார்கள். விஸ்வேஸ்வரன் மட்டும் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு போகாமல் நின்றார்.

“அண்ணாச்சி” என்றார். விரலை நீட்டவில்லை, முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்தார். “எங்கம்மா ரெண்டு வருஷமாப் படுத்த படுக்கை. கை மட்டும் கொஞ்சம் அசையும். ஒரு கரண்டி உறை... கிடைக்குமா?”

பிச்சைக்கண்ணு அண்ணாச்சி விளக்கைப் பார்த்தார். பிறகு எழிலோவியத்தைப் பார்த்தார். அவள் தன் அறைக்குப் போய்த் தன் பெயர் வெட்டிய தூக்கைக் கொண்டுவந்து, இந்த முறை மூடியைத் திறந்து நன்றாகப் பார்த்து, தானே தயிரை அள்ளி ஊற்றினாள்.

“பாத்திரத்தைத் திருப்பிக் குடுக்க மறந்துடாதீங்க சார்” என்றாள். “வெறுமனேயும் வேண்டாம். அம்மா எந்திரிச்ச சேதியோட வாங்க.”

அவர் தூக்கை மார்போடு அணைத்துக்கொண்டு போனார். எழிலோவியத்தின் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

கோப்பையைத் தூக்கிக்கொண்டு நானும் ஆவுடைத்தங்கமும் என் அறைக்கு வந்தோம். அவள் அலமாரியைத் திறந்தாள். ஒரு விரலால், ரொம்ப ஜாக்கிரதையாக.

“மேடம், ஒண்ணு கேக்கட்டா? அவியளும் அதே தயிருதான் தின்னாவ. நாங்களும் அதே தயிருதான். அவியளுக்கும் கல்லு உடம்பு, எங்களுக்கும் கல்லு உடம்பு. பொறவு எப்படி நாங்க ஜெயிச்சோம்?”

நான் கோப்பையைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே யோசித்தேன்.

“பத்தொம்போது நிமிஷம் அவிய மூச்சு விடாம இழுத்தாவ. நாங்க நீங்க ‘ஹா’ன்னு சொல்லும்போது மட்டுந்தான் இழுத்தோம்” என்றாள். “உங்க கணக்கு பாஸ் ஆயிட்டு மேடம். சுவத்துல எழுதுனது நான்தான். நாளைக்குச் சுண்ணாம்பு அடிச்சிருதேன்.”

“அடிக்க வேண்டாம். நீ கை வச்சா சுவர் போயிரும்” என்றேன்.

நடுத்தட்டில் கோப்பையை வைத்துப் பூட்டினோம். பெரிய கோப்பை, தட்டு முழுவதும் அடைத்துக்கொண்டது. மேல்தட்டு எனக்கு எட்டாது, கீழ்த்தட்டில் எறும்பு. டிபன் பாக்ஸை எங்கே வைப்பது என்று எனக்கு இதுவரை தெரியவில்லை. மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறேன்.